ஒரு குவார்ட்டரின் கணக்கு: 27 ஆண்டுக் குடிப்பழக்கமும் ஒரு கல்லீரலும்

வயது 46. குமாரபாளையத்தில் விசைத்தறி மேஸ்திரி. மூன்று வாரமாகக் கண்ணும் சிறுநீரும் மஞ்சள். பத்து நாளாக வயிறு உப்பி, கால் வீங்கி, செருப்பு ஏறவில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். வாந்தியால் மூன்று நாளாகச் சரக்கு குடிக்க முடியவில்லை. இரண்டு நாளாகக் கை நடுக்கம். புறநோயாளிச் சீட்டில் குடிப்பழக்கம் என்ற இடத்தில் எழுதியிருந்தது ஒரே சொல்: "எப்போதாவது".

இவர் ஒரு தனி மனிதர் அல்ல. காவிரிக் கரைத் தறி ஊர்களிலிருந்து கல்லீரல் வார்டுக்கு வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் வரலாற்றைக் கோத்து அமைத்த மாதிரி நோயாளி. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி போடப்பட்டவை. கால்குலேட்டர் வைத்துச் சரிபார்க்கலாம்.

"எப்போதாவது" என்ற அந்தச் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. "ஒரு நாளைக்கு எவ்வளவுங்க குடிப்பீங்க?" என்று கேட்டால் அவர் மனதில் வருவது தெருவில் விழுந்து கிடக்கும் ஆள். தான் அப்படி இல்லை. தறி நின்றால் நள்ளிரவிலும் ஸ்பேனரோடு போய் நிற்கிறவர். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை, வீட்டில் அடிதடி இல்லை, வட்டிக்கு வாங்கிக் குடித்ததில்லை. ஆகவே "லிமிட்டுத்தானுங்க, எப்பவாச்சும்" என்கிறார். கேள்வி தப்பு, பதில் அதற்கேற்ற பதில்.

சேர்க்கும்போது இருந்த நிலை

காய்ச்சல் 37.9 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு 108, ரத்த அழுத்தம் 98/60. மார்பின் மேல்புறம் சிலந்தி வலை போல் சிவந்த நுண்குழாய்கள், உள்ளங்கை ஓரம் சிவப்பு, காதடிச் சுரப்பி இருபுறமும் தடிப்பு. வயிறு குடம், தோளும் தொடையும் எலும்போடு ஒட்டியிருந்தன. எடை 74 கிலோ என்று காட்டிய இயந்திரத்தை நம்பக்கூடாது. அதில் தண்ணீர் மட்டும் பன்னிரண்டு கிலோ. கையை நீட்டி விரல்களை மேலே மடக்கச் சொன்னபோது பறவை சிறகடிப்பது போல் மணிக்கட்டு விழுந்து விழுந்து எழுந்தது. நச்சு மூளைக்கு ஏறத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது.

காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் 14.2. கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 52. ஆல்புமின் 2.4. ரத்தம் உறைய ஆகும் புரோத்ராம்பின் நேரம் 21 விநாடி, ஒப்பு (நலமான ரத்தத்துக்கு ஆகும் நேரம்) 13, அதே உறைதலைச் சொல்லும் ஐஎன்ஆர் 1.8. கிரியேட்டினின் 1.1, சோடியம் 128. வெள்ளணு 14,200, தட்டணு 88,000, சிவப்பணுவின் சராசரிப் பருமன் 104. ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் இல்லை.

இதில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி விகிதத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வைரஸ் காமாலையில் இரண்டும் பல நூறு, ஆயிரம் என்று ஏறும்; பெரும்பாலும் எஸ்ஜிபிடிதான் மேலே நிற்கும். மதுவால் வந்த கல்லீரல் அழற்சியில் இரண்டும் 400-ஐத் தாண்டுவது அரிது, எஸ்ஜிஓடி மேலே நிற்கும். "என்சைம் அவ்வளவு மோசமில்லையே" என்று வீட்டார் நிம்மதி அடைவது இங்கேதான் தவறிப்போகிறது. இந்த நோயில் ஆளைச் சாய்ப்பது பிலிருபினும் உறைதல் நேரமும்.

மதுவால் வந்த அழற்சி எவ்வளவு தீவிரம் என்று சொல்லும் மாட்ரே கணக்கு: நோயாளியின் புரோத்ராம்பின் நேரத்திலிருந்து ஒப்பைக் கழித்து 4.6 ஆல் பெருக்கி, பிலிருபினைக் கூட்ட வேண்டும். எட்டை 4.6 ஆல் பெருக்கினால் 36.8, அதோடு 14.2 சேர்த்தால் 51. 32-ஐ எட்டினாலே தீவிரம். கல்லீரல் எவ்வளவு செயலிழந்தது என்று சொல்லும் மெல்ட் மதிப்பெண் 24. சைல்டு வகைப்பாட்டில் சி, மூன்று படிகளில் மோசமானது.

வீட்டில் போன இரண்டு வாரம்

மஞ்சள் தெரிந்ததும் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். எண்ணெய் இல்லை, பருப்பு இல்லை, முட்டை இல்லை, மோர்ச் சோறும் இளநீரும் மட்டும். அக்கறையோடு செய்ததுதான். ஆனால் ஏற்கெனவே தசை கரைந்த உடம்புக்கு இரண்டு வாரம் புரதம் நின்றுபோனது. மதுக் காமாலையில் பட்டினியே ஒரு தனி நோய். அதைவிட, "காமாலைதானே, மருந்து கொடுக்கிறோமே" என்ற நம்பிக்கையில் ஆஸ்பத்திரிக்கு வருவது தள்ளிப்போனது. குடிக்கிறவருக்குக் கண் மஞ்சளானால் அது அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம்.

வாழ்நாள் கணக்கை எடுப்பது எப்படி

மூன்றாம் நாள், நடுக்கம் அடங்கித் தெளிவு வந்த பிறகு, மனைவியும் உடனிருக்க, உட்கார்ந்து எடுக்கப்பட்டது. கனடாவின் டொரோன்டோவில் 1980-களின் தொடக்கத்தில் ஸ்கின்னர் வகுத்த முறை இதன் அடிப்படை. வாழ்க்கையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு, என்ன சரக்கு என்று கேட்பது. ஆண்டைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் நினைவு வராது. முதல் கூலி, கல்யாணம், மூத்த பிள்ளை பிறந்தது, தறி வாங்கியது, அப்பா தவறியது என்று நிகழ்ச்சிகளைக் குச்சியாக நட்டு, இடையில் கயிறு கட்ட வேண்டும். "கல்யாணத்துக்கு முந்தி சனிக்கிழமை கூலி வாங்கினா என்ன செய்வீங்க?" என்று கேட்டால் பதில் தானாக வரும். அளவை நாமே கூடுதலாகச் சொல்லித் தொடங்குவதும் உதவும். "முழு பாட்டிலா?" என்றால் "அய்யோ, இல்லீங்க, ஆஃப்தான்" என்பார்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு ஒரு வகையில் எளிது. 2003 இறுதியிலிருந்து சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். பிராந்தி, ரம், விஸ்கி எதுவானாலும் வலிமை வழக்கமாக 42.8 சதவீதம், பாட்டில் 180, 360, 750 மி.லி. ஒரு குவார்ட்டரில் எத்தனை கிராம் சாராயச் சத்து? 180-ஐ 0.428 ஆல் பெருக்கி, எத்தனாலின் அடர்த்தி 0.789 ஆல் பெருக்கினால் 61 கிராம். இருவர் பங்கு போடும் 'கட்டிங்' 90 மி.லி., 30 கிராம். ஆஃப் 122 கிராம். 650 மி.லி. பீர் 5 சதவீதமானால் 26 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீரானால் 41 கிராம், அதாவது குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. பீர் சூட்டைத் தணிக்கும் என்று சொல்லி இரண்டு ஸ்ட்ராங் குடிக்கிறவர் ஒரு குவார்ட்டருக்கு மேலேயே குடித்திருக்கிறார். மிலிட்டரி கேன்டீன் சரக்கு ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கைக்கும் இதே பதில். கல்லீரலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது. அதற்குத் தெரிவது கிராம்.

இவருடைய தாள் இப்படி வந்தது.

19 முதல் 24 வயது வரை: பவானிப் பக்கம் திருவிழா, சினிமா, நண்பர்கள். மாதம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு பீர். ஐந்து ஆண்டில் 6 கிலோ.

24 முதல் 30 வரை: தறி ஓட்டிக் கூலி வாங்கும் சனிக்கிழமை இரவு ஒரு ஆஃப். மற்ற நாள் இல்லை. ஆறு ஆண்டில் 38 கிலோ.

30 முதல் 38 வரை: மேஸ்திரி ஆனார். கையில் தினம் காசு. ஷிப்ட் முடிந்து உடம்பு வலிக்கு ஒரு கட்டிங், வாரத்தில் ஆறு நாள். சனிக்கிழமை பழையபடி ஆஃப். வாரம் 304 கிராம், சராசரியாக நாளுக்கு 43. எட்டு ஆண்டில் 126 கிலோ.

38 முதல் 43 வரை: கட்டிங் குவார்ட்டர் ஆனது, தினமும். ஐந்து ஆண்டில் 111 கிலோ.

43 முதல் 46 வரை: காலையில் கை நடுங்குகிறது என்று ஒரு கட்டிங், இரவில் குவார்ட்டர். நாளுக்கு 91 கிராம். மூன்று ஆண்டில் 100 கிலோ.

கூட்டினால் 381 கிலோ. இதில் கழிக்க வேண்டியது ஒன்று உண்டு, அதை மனைவிதான் சொன்னார். முப்பது வயதிலிருந்து ஆண்டுதோறும் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுவார். 41 நாள் தொடமாட்டார். அப்படிப் பன்னிரண்டு மண்டலம். சுமார் 24 கிலோ குறைகிறது. மொத்தம் 357 கிலோ.

அந்த மாலைக் கணக்கு கிராமை மட்டும் திருத்தவில்லை. முதல் பத்து ஆண்டு மாலை போட்ட அன்று எதுவும் நடக்கவில்லை. 41 வயதில் மாலை போட்ட மூன்று நாள் வியர்வை, தூக்கமின்மை, கை நடுக்கம். "குளிர்ல பச்சத் தண்ணில குளிச்சதுனாலனு நெனச்சேனுங்க" என்றார் அவர். 42 வயதிலிருந்து மாலை போடுவதை நிறுத்திக்கொண்டார். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. பக்தி குறைந்ததால் அல்ல, 41 நாள் இருக்க முடியாது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டதால். பழக்கம் அடிமைத்தனமாக மாறிய ஆண்டை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் சான்று எந்த வினாத்தாளிலும் கிடைக்காது. நம் ஊரில் குடிவரலாறு எடுக்கிறவர்கள் மாலை, ஆடி விரதம், நோன்பு, தவக்காலம் இவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

357 கிலோவில் எது கெடுத்தது

மொத்தத்தை மட்டும் பார்த்தால் கதை தெரியாது. முதல் பதினோரு ஆண்டில் அவர் குடித்தது 44 கிலோ, எட்டில் ஒரு பங்கு. கடைசி எட்டு ஆண்டில் 201 கிலோ, பாதிக்கு மேல். அதோடு, அளவு ஏறியதற்கு முன்பே ஒன்று மாறியிருந்தது: முப்பது வயதில் இடைவெளி போய்விட்டது.

டென்மார்க்கில் 50 முதல் 64 வயதுக்குட்பட்ட சுமார் 56,000 பேரைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள் குடித்த ஆண்களைவிடத் தினமும் குடித்தவர்களுக்கு மதுவால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிப்போவது) வரும் ஆபத்து மூன்றரை மடங்குக்கு மேல். இளமையில் குடித்த அளவைவிட அண்மை ஆண்டுகளின் அளவே ஆபத்தை நன்றாகக் காட்டியது. இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 2009-இல் வெளியான ஆய்வில், மதுவால் சிரோசிஸோ முற்றும் நிலையிலான தழும்போ இருந்த 80 பேரில் 71 சதவீதத்தினர் தினக் குடியர். வார இறுதியில் மட்டும் மூக்குமுட்டக் குடிக்கிறவர்கள் அங்கே சிறுபான்மை. அதற்காக வார இறுதிக் குடி பத்திரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விபத்து, கணையம், இதயம் எல்லாம் தனிக்கணக்கு. கல்லீரல் விஷயத்தில் தினமும் என்பதற்குத் தனி விலை உண்டு.

ஏன் என்பது சரக்கு எரியும் வேகத்தில் இருக்கிறது. கல்லீரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு ஒன்பதுக்கு முடித்த குவார்ட்டரை எரிக்க விடிகாலை நான்கு, ஐந்து ஆகிவிடும். அந்த நேரமெல்லாம் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு உருவாகிக்கொண்டே இருக்கும். அது புரதங்களோடு ஒட்டி அழற்சியைக் கிளப்பும். கொழுப்பை எரிக்கும் வேலை நின்று, கொழுப்பு செல்லுக்குள்ளேயே தேங்கும். தினமும் குடித்தால் இன்னொரு நொதி கூடுதலாகச் சேர்ந்து வேகமாக எரிக்கத் தொடங்கும். "எனக்கு இப்பெல்லாம் ஏறவே மாட்டேங்குதுங்க" என்று பெருமையாகச் சொல்வதில் ஒரு பங்கு மூளையின் பழக்கம், இன்னொரு பங்கு இந்த நொதி. அது எரிக்கும்போது செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் துகள்களும் கூடவே பெருகும். குடல் சுவர் கசிந்து பாக்டீரியா நச்சு நேரே கல்லீரலுக்குப் போகும். தழும்பு போடும் செல்கள் விழித்தபடியே இருக்கும். காலைக் கட்டிங் சேர்ந்த பிறகு இவருடைய கல்லீரலுக்கு ஓய்வு என்று எஞ்சியது சில மணி நேரம்தான்.

இரண்டாவது, வெறும் வயிறு. ஷிப்ட் முடிந்ததும் கடை, பிறகுதான் சாப்பாடு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். வட இத்தாலியில் இரண்டு ஊர் மக்களை முழுவதும் பரிசோதித்து 1997-இல் வெளிவந்த ஆய்வு, உணவோடு சேராமல் குடிப்பது ஆபத்தைக் கூட்டுகிறது என்று காட்டியது. ஆபத்து தொடங்கும் வாசலாக அவர்கள் கண்டது நாளுக்கு 30 கிராம். அதாவது ஒரு கட்டிங். "கட்டிங்தானே" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற அந்த அளவு. பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலும் குறைந்த ஆண்டுகளிலும் கல்லீரல் கெடும்.

இளமைக் குடி ஒன்றும் செய்யாதா என்றால், செய்யும். ஸ்வீடனில் 1969-70-இல் ராணுவப் பயிற்சிக்கு வந்த சுமார் 43,000 இளைஞர்களை ஏறத்தாழ 38 ஆண்டு பின்தொடர்ந்தபோது, பதினெட்டு இருபது வயதில் சொன்ன அளவு கூடக்கூடப் பிற்காலத்துக் கடும் கல்லீரல் நோயும் கூடியது. அந்த வயதின் கிராமே நேராகக் கெடுக்கிறதா, அந்த வயதில் போட்ட தடத்திலேயே வாழ்க்கை போய்விடுகிறதா என்று பிரிப்பது கடினம். இவர் வாழ்க்கையில் இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் மாமா எண்பது வயது வரை குடித்தாரே என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும். உண்மைதான். நாளுக்கு 60 கிராமுக்கு மேல் குடிக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும். சிரோசிஸ் வரை போகிறவர்கள் பத்துக்கு ஒருவர் இருவர். அந்த ஒருவர் யார் என்பதில் பிறவி மரபணுவுக்கு, குறிப்பாகப் பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு வகைக்கு, பங்கு உண்டு. உடல் பருமனும் சர்க்கரையும் கூடினால் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறுகிறது. இவருக்கு 41 வயதில் சர்க்கரை நோய். அப்போது எடை 81 கிலோ, உயரம் 168 செ.மீ. மாமாவுக்கு அவை இல்லாமல் இருந்திருக்கலாம்.

திறந்திருந்த கதவு

39 வயதில் சிறுநீரகக் கல் வலிக்காக ஒரு ஸ்கேன் எடுத்திருந்தார். பழைய பிளாஸ்டிக் பையிலிருந்து மனைவி எடுத்துக் கொடுத்த அந்த அறிக்கையில் "ஃபேட்டி லிவர், கிரேடு 2". உடன் ரத்தப் பரிசோதனை: எஸ்ஜிஓடி 88, எஸ்ஜிபிடி 41, இன்னொரு கல்லீரல் நொதியான ஜிஜிடி 210, சிவப்பணுப் பருமன் 101, தட்டணு 1,90,000. கல்லுக்கு மருந்து கொடுத்தார்கள். ஃபேட்டி லிவருக்கு "எண்ணெய்ப் பலகாரம் குறைங்க" என்றார்கள். குடியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அந்தத் தாளே பேசுகிறது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, தட்டணு (ஆயிரங்களில்) பெருக்கல் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கல்லீரல் தழும்பைக் கணிக்கும் ஃபிப்-4 என்ற எண் வரும். 39 பெருக்கல் 88 = 3,432. 190 பெருக்கல் 6.4 = 1,216. வகுத்தால் 2.82. 2.67-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு இருக்கலாம் என்று அடுத்த பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். குடித்துக்கொண்டிருப்பவருக்கு எஸ்ஜிஓடி ஏறியிருப்பதால் இந்த எண் கொஞ்சம் மிகையாகக் காட்டும் என்பது சரி. ஆனால் அனுப்ப வேண்டிய ஆள்தான். ஜிஜிடியும் பெருத்த சிவப்பணுவும் எஸ்ஜிஓடியின் இரட்டிப்பும் ஒரே தாளில் இருந்தால், அது பலகாரத்தின் கையெழுத்து அல்ல.

அன்று நிறுத்தியிருந்தால்? கொழுப்பு மட்டும் என்றால் நான்கு முதல் ஆறு வாரத்தில் பெரும்பாலும் கரைந்துவிடும். தழும்பு தொடங்கியிருந்தாலும் பல ஆண்டுகளில் ஓரளவு பின்வாங்கும். அன்றைக்கு அவருடைய வாழ்நாள் கணக்கு இன்றையதில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதி அந்த ஸ்கேனுக்குப் பிறகு குடித்தது. இந்த நிகழ்வில் மனம் அதிகம் வலிப்பது இந்த இடத்தில்தான்.

வார்டில் 28 நாள்

முதல் வேலை தயமின், அதாவது வைட்டமின் பி1. குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிடும் முன்பே, 200 முதல் 500 மி.கி. வரை நரம்பு வழியாக, நாளுக்கு மூன்று வேளை. தயமின் இல்லாத மூளைக்குக் குளுக்கோஸ் மட்டும் போனால் கண் பிறழ்வு, தள்ளாட்டம், குழப்பம் என்று நிரந்தரச் சேதம் வரலாம். சோர்ந்து வந்தவருக்கு முதலில் "ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. குடிக்கிறவர் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நடுக்கத்துக்கு லோரசெபாம், சிறு அளவில். குளோர்டயசெபாக்சைடு நல்ல மருந்துதான், ஆனால் கெட்ட கல்லீரலில் தேங்கி மயக்கத்தை ஆழமாக்கும். குடி நின்ற 48 முதல் 96 மணி நேரம் பிதற்றல் வரும் நேரம். இவருடைய குழப்பம் அதனாலா, கல்லீரல் நச்சாலா என்று பிரித்தறிவது முக்கியம். முன்னதில் ஆள் படபடத்து வியர்ப்பார், பின்னதில் மந்தித்துச் சிறகடிப்பார். இவருக்குப் பின்னது. மலமிளக்கியான லாக்டுலோஸ் கொடுத்து நாளுக்கு இரண்டு மூன்று முறை மலம் போகும்படி அளவு வைத்தார்கள். அதற்கு மேல் போனால் நீரும் உப்பும் வற்றி நிலை மோசமாகும். நிறைய போனால் நிறைய நல்லது என்று வீட்டார் அளவைக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு.

வயிற்று நீரைச் சேர்த்த அன்றே ஊசி போட்டு எடுத்தார்கள். ஐஎன்ஆர் 1.8 என்பதற்காகப் பிளாஸ்மா ஏற்றிக் காத்திருக்கத் தேவையில்லை. அதில் நியூட்ரோபில் என்ற வெள்ளணு 72; 250-ஐத் தொட்டால் கிருமித் தொற்று. ரத்த ஆல்புமினுக்கும் நீர் ஆல்புமினுக்கும் இடைவெளி 1.7; 1.1-க்கு மேலென்றால் அது கல்லீரலின் அழுத்தத்தால் கோத்த மகோதரம். ரத்தம், சிறுநீர் கல்ச்சர் 48 மணி நேரத்தில் சுத்தம் என்று வந்த பிறகுதான் ஸ்டீராய்டு மருந்தான பிரட்னிசலோன் 40 மி.கி. தொடங்கியது.

இந்த மருந்தைப் பற்றி அளவான நம்பிக்கையே வேண்டும். இங்கிலாந்தில் 1,103 பேரை வைத்து 2015-இல் முடிவு வெளிவந்த ஸ்டோபா ஆய்வில் 28 நாள் மரணம் கொஞ்சம் குறைந்தது போல் தெரிந்தாலும் அது உறுதியாக நிற்கவில்லை. கடும் தொற்று 7 சதவீதத்திலிருந்து 13 ஆனது. ஆகவே ஏழாம் நாள், மருந்து கேட்கிறதா என்று காட்டும் லில் கணக்கைப் போட்டுத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு செய்ய வேண்டும். பிலிருபின் 14.2-லிருந்து 9.6-க்கு இறங்கியிருந்தது, லில் மதிப்பு 0.17. 0.45-க்கு மேல் இருந்திருந்தால் மருந்தை நிறுத்தி, மாற்றுக் கல்லீரல் பேச்சை அன்றே எடுத்திருக்க வேண்டும். 28 நாள் முடித்தார். இடையில் சர்க்கரை 340 வரை ஏறியது, இன்சுலினில் அடங்கியது.

மருந்தைவிட நீண்ட வேலை தட்டில் நடந்தது. நீர் வடிந்த பிறகு உண்மை எடை 62 கிலோ. கிலோவுக்கு 35 கலோரி, 1.2 முதல் 1.5 கிராம் புரதம்: நாளுக்கு சுமார் 2,200 கலோரி, 75 முதல் 90 கிராம் புரதம். மூன்று வேளைச் சோற்றில் இது வராது. முட்டை மூன்று, பால் அரை லிட்டர், இரு வேளை கெட்டிப் பருப்பு, மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், 50 கிராம் பொட்டுக்கடலை (11 கிராம் புரதம்) என்று அடுக்க வேண்டியிருந்தது. இரவு பத்து மணிக்கு ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி கட்டாயம். கெட்ட கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு இல்லை. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையைக் கரைத்து எரிக்கும். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் அந்த ஒரு தேக்கரண்டிக்குள்தான் அடங்க வேண்டும், ஆகவே அவை போயின. வலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோபினாக் கூடவே கூடாது, சிறுநீரகம் நின்றுவிடும். பாராசிட்டமால் நாளுக்கு 2 கிராமுக்குள்.

பிறகு

எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் நடுத்தரப் பருமன் நாள வீக்கம். அந்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்க, ரத்த அழுத்தம் தேறிய பிறகு கார்வெடிலால் 6.25 மி.கி., பின்பு 12.5. நீருக்கு ஸ்பைரோனோலாக்டோன். குடி ஆசைக்கு இரண்டாம் மாதம், சிறகடிப்பு முற்றிலும் போன பிறகு, பேக்ளோஃபென் 10 மி.கி. மூன்று வேளை. சிரோசிஸ் உள்ளவர்களிடமே ஆராயப்பட்ட மருந்து இது: இத்தாலியில் 2007-இல் வெளியான ஆய்வில் இதை எடுத்தவர்களில் 71 சதவீதத்தினரும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 29 சதவீதத்தினரும் குடியை விட்டிருந்தார்கள். மந்தம் இருக்கும்போது கொடுத்தால் இதுவே மயக்கத்தில் தள்ளும். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையை இவரைப் போன்றவருக்குக் கொடுக்கவே கூடாது. வீட்டில் சாப்பாட்டில் ரகசியமாகக் கலக்கும் பொடிகளை விளம்பரம் பார்த்து வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சிலவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

நான்காம் மாதம் ஆடி 18 அன்று பவானி கூடுதுறையில் சொந்தக்காரர்களோடு ஒரு கட்டிங் குடித்தார். மறுநாள் மனைவியிடம் அவரே சொன்னார். அடுத்த வருகையில் சொல்லவும் செய்தார். திட்டு விழவில்லை, அதனால்தான் சொன்னார். தாளில் எழுதப்பட்டது: 30 கிராம், ஒரு முறை, யாரோடு, எந்த நேரம், அதற்கு முன் சாப்பிட்டாரா. மறு ஆண்டு ஆடிக்கு அவர் ஊரில் இல்லை, மகளோடு வேறெங்கோ போயிருந்தார்.

ஓராண்டில் பிலிருபின் 1.6, ஆல்புமின் 3.4, தட்டணு 1,10,000. வயிற்றில் நீர் இல்லை. தறிப்பட்டறைக்குப் போகிறார், பகல் ஷிப்ட் மட்டும். தழும்பு இருக்கிறது, சிரோசிஸ் போகவில்லை; ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் வாழ்நாள் முழுக்க உண்டு, புற்றுக்கட்டியைச் சிறிதாகப் பிடிப்பதற்கு.

ஒவ்வொரு முறையும் அவரை அழைத்து வருகிறவர் தம்பி. வயது 37, தறி ஓட்டுகிறார். ஆறாவது வருகையில் அவரையும் உட்கார வைத்து ஒரு தாள் எடுத்தார்கள். பீர், சனிக்கிழமை ஆஃப், பிறகு தினமும் ஷிப்ட் முடிந்ததும் கட்டிங். அண்ணனின் தாளில் மூன்றாம் வரி வரை அப்படியே. எஸ்ஜிஓடி 52, எஸ்ஜிபிடி 44, தட்டணு 2,40,000, ஃபிப்-4 1.21, அந்த எண் மட்டும் பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 9.4 கிலோபாஸ்கல். 8-க்குக் கீழென்றால் முற்றிய தழும்பு இல்லை எனலாம், 12-ஐத் தாண்டினால் இருக்கிறது எனலாம், இது நடுவில். குடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு கூடுதலாகக் காட்டும் என்பதால் மூன்று மாதம் முழுக்க நிறுத்திவிட்டு மீண்டும் வரச் சொன்னார்கள். "மூணு மாசமுங்களா?" என்றார் தம்பி. "மாலை போட்டா நாப்பத்தொரு நாள் இருக்கறியல்லடா" என்றார் அண்ணன்.